எழுத்து இரண்டு, நோய் ஒன்று

நுழையும்முன்

ஆங்கில மருத்துவச் சொற்கள் பல, பிரித்தானியாவில் ஒரு வகையாகவும் அமெரிக்காவில் வேறு வகையாகவும் எழுதப்படுகின்றன. உயர்கல்வியில் இருநாட்டு நூல்களையும் பயிலும் மாணவர்க்கு, இவற்றுள் எது சரி, எது பிழை என்னும் ஐயம் எழுவது இயல்பு. இவ்வேறுபாடு தோன்றிய வரலாற்றையும், அதனை அணுக வேண்டிய முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு பயிலும் மாணவி ஒருவர் நூலகத்தில் அமர்ந்திருக்கிறார். உணவுக்குழலைப் பற்றி அவர் குறிப்பெடுக்க வேண்டும். பள்ளியில் அவர் கற்ற ஆங்கிலச் சொல் 'ஓ' என்னும் எழுத்தில் தொடங்குவது. எனவே, கையிலுள்ள பெரிய மருத்துவ நூலின் சொல்லடைவில் 'ஓ' வரிசையைத் தேடுகிறார். அங்கே அச்சொல் இல்லை. இந்நூல் உணவுக்குழலைப் பற்றிப் பேசவில்லை என்று முடிவுசெய்து நூலை மூடி வைக்கிறார். அந்நூலிலோ உணவுக்குழலுக்கென ஒரு தனி இயலே இருக்கிறது. நூல் அமெரிக்காவில் அச்சானது. அங்கு அச்சொல் 'இ' வரிசையில் இடம்பெறும். ஓர் எழுத்து மறைந்ததனால் ஓர் இயலே மாணவியின் கண்ணுக்குத் தப்பிவிட்டது.

இது நூலகத்தோடு நின்றுவிடும் இடர்ப்பாடு அன்று. இரைப்பையின் அமிலம் உணவுக்குழலுக்கு மேலேறும் நோயைப் பிரித்தானிய மருத்துவர் 'ஜி-ஓ-ஆர்-டி' எனச் சுருக்கி எழுதுவர். அமெரிக்க மருத்துவர் 'ஜி-இ-ஆர்-டி' என எழுதுவர். நோய் ஒன்றே, மருத்துவமும் ஒன்றே. ஆயினும் இரண்டையும் அறியாதவர் இரு வேறு நோய்கள் என்றே கருதக்கூடும்.

போலியும் பிழையும்

தமிழிலக்கணம் பயின்ற மாணவர்க்கு 'போலி' என்பது புதிதன்று. பந்தல் என்பது பந்தர் எனவும், முகம் என்பது முகன் எனவும், மயல் என்பது மையல் எனவும் வரும். ஓர் எழுத்துக்கு மாற்றாக வேறோர் எழுத்து வந்தும் பொருள் மாறாதிருத்தலே போலியின் இலக்கணம். பந்தர் என எழுதியவரைப் பிழை செய்தவர் என எவரும் கூறார்.

பிரித்தானிய, அமெரிக்க எழுத்துக்கூட்டல்களும் இத்தகையனவே. இரத்தசோகையைக் குறிக்கும் 'அனீமியா' என்னும் சொல்லைப் பிரித்தானியர் ஏ-என்-ஏ-இ-எம்-ஐ-ஏ என்றும், அமெரிக்கர் நடுவிலுள்ள ஏகாரத்தை விடுத்து ஏ-என்-இ-எம்-ஐ-ஏ என்றும் எழுதுகின்றனர். வயிற்றுப்போக்கு, குருதிப்பெருக்கு, குழந்தைநல மருத்துவம், மகளிர் நோய் மருத்துவம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களிலும் இதே வேறுபாடு உண்டு. ஒலிப்பில் மாற்றம் மிகச் சிறிது. பொருளில் மாற்றம் இல்லை.

ஆனால் போலிக்கும் பிழைக்கும் இடையே ஓர் எல்லை உண்டு. சிறுகுடலின் இறுதிப் பகுதிக்கு ஆங்கிலத்தில் 'இலியம்' என்று பெயர்; இடுப்பெலும்பின் ஒரு பகுதிக்கும் 'இலியம்' என்றே பெயர். ஒலி ஒன்றாயினும் முன்னதன் நடுவில் 'இ' வரும். பின்னதன் நடுவில் 'ஐ' வரும். இங்கு எழுத்து மாறினால் உறுப்பே மாறிவிடும். இலண்டனிலும் நியூயார்க்கிலும் இது பிழையே. ஆகவே மருத்துவச் சொல்லை எழுதுவோர் முதலில் கேட்க வேண்டிய வினா, 'எழுத்து மாறியிருக்கிறதா?' என்பது மட்டுமன்று. 'எழுத்து மாறியதால் பொருள் மாறுகிறதா?' என்பதாகும்.

வேறுபாடு பிறந்த வரலாறு

மேலை மருத்துவத்தின் சொற்களுள் பெரும்பாலானவை கிரேக்கத்தில் வேர்கொண்டு, இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தவை. 'ஹைமா' என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் குருதி என்பது பொருள். அக்கிரேக்கச் சொல்லின் ஈருயிர் ஒலியை இலத்தீனர் ஏ-இ என்னும் இணையெழுத்தால் குறித்தனர். அவ்வாறே வேறொரு கிரேக்க ஒலியை ஓ-இ என்னும் இணையால் குறித்தனர். பிரித்தானிய எழுத்துக்கூட்டல் மருத்துவச் சொற்களில் இவ்விணைகளைப் பெரிதும் காத்து வருகிறது.

ஆங்கில எழுத்துக்கூட்டல் தொடக்கத்தில் ஒரு நிலைப்பட்டதாக இல்லை. ஒரே சொல்லைப் பலர் பலவாறு எழுதினர். சாமுவேல் ஜான்சன் 1755-ஆம் ஆண்டு வெளியிட்ட அகராதி, பிரித்தானியாவில் ஓர் ஒழுங்கு நிலைபெறத் துணைசெய்தது. அமெரிக்கா விடுதலை பெற்றபின், நோவா வெப்ஸ்டர் என்னும் பள்ளி ஆசிரியர் மொழியிலும் தம் நாடு தனித்து நிற்க வேண்டும் என விரும்பினார். ஒலிக்காத எழுத்துகளைக் களைந்தால் சிறுவர் எளிதில் கற்பர் என்பது அவரது கருத்து. 1806-இல் சிறிய அகராதி ஒன்றையும், 1828-இல் ஏறத்தாழ எழுபதாயிரம் சொற்களைக் கொண்ட பேரகராதியையும் அவர் வெளியிட்டார். கொள்ளைநோய்களின் வரலாற்றை ஆராய்ந்து 1799-இல் இரு தொகுதிகள் எழுதியவரும் அவரே.

வெப்ஸ்டரின் பரிந்துரைகள் யாவும் ஏற்கப்படவில்லை. நாக்கு என்னும் பொருளுடைய 'டங்' என்ற சொல்லை ஒலிக்கேற்ப எழுத அவர் காட்டிய வடிவத்தை அமெரிக்கரே மறுத்தனர். ஆயினும், தேவையற்ற எழுத்தை விலக்கலாம் என்னும் எண்ணம் அங்கு வேரூன்றியது. நாளடைவில் மருத்துவச் சொற்களின் இணையெழுத்துகளும் ஒற்றையெழுத்தாகச் சுருங்கின. இரு நாடுகளின் மருந்துத் தர நூல்களின் பெயர்களே இதற்குச் சான்றாகும். 1820-இல் முதன்முதல் வெளிவந்த அமெரிக்க நூலின் பெயரில் ஓ-இ இணை இல்லை. 1864-இல் முதற்பதிப்புக் கண்ட பிரித்தானிய நூலின் பெயரில் அது நிலைத்திருக்கிறது.

தமிழகத்தில் மேலை மருத்துவக் கல்வி, 1835-இல் சென்னையில் ஆங்கில ஆட்சியின்கீழ் தொடங்கிய மருத்துவப் பள்ளியோடு அமைப்பாக வளர்ந்தது. ஆகவே பிரித்தானிய எழுத்துக்கூட்டலே இங்கு வழக்காயிற்று. பின்னாளில் அமெரிக்க மருத்துவ நூல்களும் ஆய்விதழ்களும் இங்குப் பெருகின. இன்றைய மாணவர் இரண்டு மரபுகளும் சந்திக்கும் இடத்தில் நிற்கிறார்.

வேர் ஒரு தரப்பின் உடைமையா?

பிரித்தானிய வடிவமே சிறந்தது என்போர், அது சொல்லின் வேரைக் காக்கிறது என்பர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. கிரேக்கத்தில் 'பைஸ்' என்பது குழந்தை. இலத்தீனில் 'பெஸ்' என்பது கால். மிதிவண்டியின் 'பெடல்' பின்னதிலிருந்து வந்தது. குழந்தைநல மருத்துவத்தைக் குறிக்கும் சொல்லில் ஏ-இ என்னும் இணை இருக்கும்வரை இவ்விரு வேர்களும் எழுத்தளவில் வேறுபட்டு நிற்கும். ஏகாரத்தை நீக்கினால் குழந்தையும் காலும் ஒரே எழுத்தில் கலந்துவிடுகின்றன.

எலும்பு மருத்துவத்தைக் குறிக்கும் 'ஆர்த்தோபீடிக்ஸ்' என்னும் சொல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்திரி 1741-இல் வெளியிட்ட நூலின் பெயரிலிருந்து பரவிய சொல் அது. நேர் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லையும் குழந்தை என்னும் பொருளுடைய சொல்லையும் அவர் இணைத்தார்; குழந்தைகளின் உடற்கோணலை நிமிர்த்தும் கலை என்பது அதன் பொருள். வேரறியாதவர் அதனைக் கால் தொடர்பான சொல் எனத் தவறாகக் கொள்வர்.

எனினும், வேரைக் காப்பது பிரித்தானிய வடிவம் மட்டுமே என்று கூறிவிட முடியாது. கட்டியைக் குறிக்கும் 'ட்யூமர்' இலத்தீனச் சொல். இலத்தீனில் அதன் இறுதியில் 'யு' இல்லை. பிரெஞ்சு வழிச் சொற்களின் சாயலில் பிரித்தானியர் அதனைச் சேர்த்து எழுதுகின்றனர். அமெரிக்கரின் வடிவமே இங்கு இலத்தீனோடு ஒத்திருக்கிறது. கருப்பையில் வளரும் கருவைக் குறிக்கும் 'ஃபீட்டஸ்' என்னும் சொல்லின் நிலை இன்னும் வியப்புக்குரியது. செவ்வியல் இலத்தீனில் அச்சொல்லில் 'ஓ' இல்லை. பிற்கால இலத்தீனில் தவறாக நுழைந்த 'ஓ' எழுத்து, பழமையின் அடையாளம் போலத் தோற்றம் கொண்டு நெடுங்காலம் நிலைத்துவிட்டது. இதனை உணர்ந்த பிரித்தானிய மருத்துவ இதழ்கள் இன்று 'ஓ' இல்லாத வடிவத்தையே கையாளுகின்றன. பழமையாகத் தோன்றுவதெல்லாம் பழமை ஆகிவிடாது என்பதற்கு இச்சொல் ஒன்றே போதும்.

எளிமை என்னும் வாதமும் முழுமையானதன்று. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் தன் பெயரில் இணையெழுத்தை விலக்கியிருக்கிறது. அதே நாட்டின் எலும்பு அறுவை மருத்துவர் கழகமோ தன் பெயரில் ஏ-இ இணையை இன்றும் காத்து வருகிறது. மறுபுறம், பொருளியலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் முன்னர் ஓ-இ இணையோடு எழுதப்பட்டது. பிரித்தானியரே அதனைச் சுருக்கிவிட்டனர். வேரைப் போற்றுவோர் எளிமையையும், எளிமையைப் போற்றுவோர் வேரையும் இடத்துக்கேற்ப ஏற்றிருக்கின்றனர். எனவே, ஒரு தரப்பைக் கற்றோர் வழக்கு எனவும் மறுதரப்பைச் சோம்பல் வழக்கு எனவும் கூறுவது வரலாற்றோடு பொருந்தாது.

உடன்பாட்டின் வலிமை

வேரும் எளிமையும் தீர்ப்பு வழங்க இயலாத இடத்தில் வேறெது தீர்ப்பு வழங்கும்? அறிவியல் உலகம் இதற்கு ஒரு விடை கண்டிருக்கிறது. அது உடன்பாடு.

குருதி உறையாமை நோயின் பெயரை அமெரிக்கர் ஏகாரமின்றி எழுதுகின்றனர். ஆனால் அதே குருதி வேரிலிருந்து பிறந்த 'ஹீமோஃபிலஸ்' என்னும் பாக்டீரியத்தின் பெயரை அவர்களும் ஏ-இ இணையோடுதான் எழுதுகின்றனர். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் 'ஏடிஸ் எஜிப்டி' கொசுவின் பெயரும் எந்நாட்டு நூலிலும் ஒரே வடிவில் இருக்கும். உயிரினங்களின் அறிவியல் பெயர்கள் பன்னாட்டு விதிகளுக்கு உட்பட்டவை. அங்கு நாட்டு வழக்கு நுழைவதில்லை.

வேதியியலிலும் இவ்வாறே நிகழ்ந்தது. கந்தகத்தின் ஆங்கிலப் பெயரைப் பிரித்தானியர் பி-எச் இணையாலும் அமெரிக்கர் எஃப் எழுத்தாலும் எழுதி வந்தனர். தூய மற்றும் பயன்பாட்டு வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியம் 1990-இல் அமெரிக்க வடிவத்தை ஏற்றது; பிரித்தானியாவின் அரச வேதியியல் கழகமும் பின்னர் அதற்கு இசைந்தது. அலுமினியம், சீசியம் ஆகிய தனிமங்களுக்கோ பிரித்தானிய வடிவங்களையே அவ்வொன்றியம் முதன்மையாகக் கொண்டது. ஒருவர் ஒன்றில் விட்டுக்கொடுக்க, மற்றவர் வேறொன்றில் விட்டுக்கொடுத்தார்.

மருந்துப் பெயர்களில் இத்தகைய உடன்பாட்டை உருவாக்கும் பணியை உலகச் சுகாதார நிறுவனம் மேற்கொண்டது. எந்த வணிக நிறுவனத்துக்கும் உரிமையாகாத பன்னாட்டுப் பொதுப்பெயர்களின் முதற்பட்டியல் 1953-இல் வெளிவந்தது.

தெரிந்து தெளிவோம்

பன்னாட்டு மருந்துப் பெயர்களை அமைப்பதற்கான எழுத்து நெறிகள்: பி-எச் இணைக்கு மாற்றாக எஃப், டி-எச் இணைக்கு மாற்றாக டி, ஏ-இ, ஓ-இ ஆகிய இணைகளுக்கு மாற்றாக இ, ஒய் எழுத்துக்கு மாற்றாக ஐ. எச், கே ஆகிய எழுத்துகளைத் தவிர்த்தல் நலம். பல மொழியினரும் எளிதில் ஒலிக்கவும் எழுதவும் இயல வேண்டும் என்பதே இந்நெறிகளின் நோக்கம்.

பிறமொழிச் சொல்லை ஏற்கும்போது அம்மொழிக்கே உரிய எழுத்தை விலக்கித் தமிழெழுத்தால் எழுத வேண்டும் எனத் தொல்காப்பியம் நெறி வகுத்திருப்பதை இங்கு நினைவுகூரலாம். ஏற்கும் மக்களின் நாவுக்கும் எழுத்துக்கும் சொல் இசைந்து வர வேண்டும் என்னும் எண்ணம் இரண்டிலும் உண்டு.

ஐரோப்பிய நாடுகள் 1992-இல் வகுத்த நெறிமுறையின்படி, மருந்துச் சிட்டைகளில் பன்னாட்டுப் பெயர்களைப் பயன்படுத்த முற்பட்டன. பிரித்தானியாவில் ஒய் எழுத்தோடு வழங்கிய 'அமாக்சிசிலின்' ஐ எழுத்துக்கு மாறியது. 'செஃபலெக்சின்' என்னும் மருந்துப் பெயரில் பிரித்தானியர் பி-எச் இணையை விடுத்து எஃப் எழுத்தை ஏற்றனர். எளிமைக்குப் பெயர்பெற்ற அமெரிக்கர் பழைய இணையையே இன்றும் எழுதுகின்றனர்.

உயிரோடு தொடர்புடைய இடம்

எழுத்து வேறுபாட்டைக் காட்டிலும் பெயர் வேறுபாடு இடர் மிக்கது. காய்ச்சலுக்கும் வலிக்கும் தரப்படும் மருந்தை இந்தியாவும் பிரித்தானியாவும் 'பாராசிட்டமால்' என்று அழைக்கின்றன. அமெரிக்காவில் அதன் பெயர் 'அசிட்டமினோஃபென்'. ஒரே வேதிப்பெயரின் வெவ்வேறு அசைகளைத் தெரிந்தெடுத்ததால் இரு பெயர்கள் பிறந்தன. அமெரிக்கா செல்லும் ஒருவர் இங்கிருந்து கொண்டுசென்ற மாத்திரையையும் அங்கு வாங்கிய மாத்திரையையும் இரு வேறு மருந்துகள் எனக் கருதிச் சேர்த்து உட்கொண்டால், ஒரே மருந்தை இருமடங்கு உட்கொண்டவர் ஆவார். அளவு மிகுந்தால் கல்லீரலைக் கெடுக்கும் மருந்து அது. மூச்சிரைப்புக்கு உதவும் 'சால்பியூட்டமால்' அமெரிக்காவில் 'ஆல்பியூட்டரால்' என வழங்குவதும் இத்தகையதே.

'அட்ரினலின்' என்னும் மருந்தின் வரலாறு நாட்டுவழக்கின் மற்றொரு முகத்தைக் காட்டுகிறது. கடும் ஒவ்வாமையால் மூச்சுத் திணறும் நோயாளிக்கும், இதயத்துடிப்பு நின்றவருக்கும் உடனடியாகத் தரப்படும் மருந்து அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானிய வேதியியலறிஞர் ஜோகிச்சி தகமீனே அதனைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார். அப்பெயர் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயரானதால், அங்கு 'எபிநெஃப்ரின்' என்னும் பெயர் பொதுப்பெயராயிற்று. முன்னது இலத்தீன், பின்னது கிரேக்கம். இரண்டுக்கும் பொருள் 'சிறுநீரகத்தை ஒட்டியது' என்பதே. பன்னாட்டுப் பட்டியல் 'எபிநெஃப்ரின்' என்பதைத் தெரிந்தெடுத்தது. ஆயினும், நெருக்கடி வேளையில் மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் குழப்பம் நேரலாகாது என்பதால் பிரித்தானியா பழகிய பெயரை நீக்காமல் வைத்துக்கொண்டது. நோயாளியின் பாதுகாப்பே அங்கு அளவுகோலாயிற்று.

மாணவர் மேற்கொள்ள வேண்டிய நெறி

இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. எழுத்துக்கூட்டலுக்கு உரிமை தருவது பழமையும் அன்று, நாட்டுப்பற்றும் அன்று. பயன்படுத்துவோரின் உடன்பாடே அதற்கு உரிமை தருகிறது. மருத்துவத்தில் அவ்வுடன்பாடு நோயாளியின் நலனை நோக்கியதாக இருத்தல் வேண்டும்.

இந்நோக்கில் மூன்று நெறிகளைக் கொள்ளலாம். முதலாவது, இரண்டு வடிவங்களையும் அறிந்திருத்தல். சொல்லடைவிலோ கணினித் தேடலிலோ ஒரு வடிவம் கிடைக்காவிடில் மறுவடிவத்தையும் தேடிப் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் தன் பொருட்தலைப்புகளை அமெரிக்க எழுத்துக்கூட்டலிலேயே அமைத்திருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனமோ இரத்தசோகை, வயிற்றுப்போக்கு முதலியவற்றைப் பிரித்தானிய முறையில் எழுதுகிறது. ஒன்றை மட்டும் அறிந்தவர்க்கு அறிவின் ஒரு பகுதி மறைந்தே கிடக்கும்.

இரண்டாவது, ஒரு படைப்பில் ஒரு மரபையே பின்பற்றுதல். ஒரு பத்தியில் இணையெழுத்தோடும் அடுத்த பத்தியில் அதுவின்றியும் எழுதினால், படிப்போர் இரு வேறு பொருள்கள் உளவோ என மயங்குவர்.

மூன்றாவது, மருந்துப் பெயர்களில் விருப்பத்துக்கு இடந்தராமை. அங்குப் பன்னாட்டுப் பொதுப்பெயரை அறிந்திருப்பதும், நாட்டில் வழங்கும் பெயரைப் பிழையற எழுதுவதும் கடமையாகும்.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. அமெரிக்க வடிவில் 'அனீமியா' என எழுதிய மாணவரின் விடையைச் சிவப்பு மையால் அடித்து மதிப்பெண்ணைக் குறைப்பது முறையாகாது. அவர் குடலை எலும்பாக எழுதவில்லை. பந்தலைப் பந்தர் என எழுதியவரைப் போன்றவரே அவர். மாறாக, ஒரே விடையில் இரு வடிவங்களையும் கலந்தெழுதினால் அதனைச் சுட்டிக்காட்டித் திருத்தலாம். போலியைப் பிழை என்று தண்டித்தால், உண்மையான பிழை எது என்பதை மாணவர் கற்காமலே போய்விடுவர். மருத்துவத்தில் அவ்வறியாமைக்கு விலை கொடுப்பவர் நோயாளி.

தமிழுக்கும் இது புறம்பானதன்று. தமிழகத்தில் 'டாக்டர்' என எழுதப்படுவது இலங்கையில் 'டொக்டர்' என எழுதப்படுகிறது. இங்கு 'மருத்துவமனை' என்பது அங்கு 'வைத்தியசாலை' என வழங்குகிறது. இரண்டும் தமிழே, இரண்டும் நோய் தீர்க்கும் இடத்துக்கே வழிகாட்டுகின்றன. ஒரு கரையில் இருப்போர் மறுகரையின் வழக்கை நகைக்காமல் அறிந்துகொள்ளும்போது மொழியின் எல்லை விரிகிறது.

நூலகத்தில் நூலை மூடி வைத்த மாணவி அதனை மீண்டும் திறந்து, 'இ' வரிசையையும் ஒருமுறை பார்க்கட்டும். அவர் தேடிய உணவுக்குழல் அங்கே இருக்கிறது.